எதிர் டீம்... ஆனாலும் நம்ம ஆளு!

நம் வீட்டு சாம்பார் எத்தனை ருசியாக இருக்கட்டுமே... பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக மோர்க்குழம்பு தாளிக்கிற வாசனை வந்தால், மூக்கு ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பத்தானே செய்கிறது? அதற்காக நாம் கட்சி மாறிவிட்டோம் என்று அர்த்தமா? மூக்கு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்!

கால்பந்து விஷயத்தில் என் மூக்கு கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். நான் பிரேசில் கட்சி. 1986-ல் தூர்தர்ஷன் புண்ணியத்தில் ராத்திரி கண்விழித்து உலகக் கோப்பை பார்க்க ஆரம்பித்த கோடிக்கணக்கான இந்தியர்களில் அடியேனும் ஒருவன். அன்று பிடித்த மஞ்சள் சட்டைப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

"உனக்குப் பிடிச்ச பிளேயர்ஸ் யாரு?" என்று கேட்டால் ரொமாரியோ, ரொனால்டோ, ரிவால்டோ என்று வாய் தானாக ஒப்பிக்கும். ஆனால், மனசின் மூலையில் இன்னொரு லிஸ்ட் இருக்கிறது. ரகசிய லிஸ்ட்! அதில் ஒரு பிரேசில்காரர்கூடக் கிடையாது. எல்லோருமே பிரேசிலுக்கு எதிராக நின்றவர்கள். போதாக்குறைக்கு, ஒருத்தரைத் தவிர மற்ற எல்லோரும் எங்களை அழவைத்தவர்கள்!

"அடப்பாவி, உட்கட்சித் துரோகி!" என்று கல்லை எடுக்காதீர்கள். முதலில் ஆளுங்களைப் பாருங்கள்... அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அழவைத்ததைப் புத்தகமே போட்ட மனுஷன்!

1982, ஜூலை 5. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரம், ஸரியா மைதானம். இத்தாலிக்கும் பிரேசிலுக்கும் ஆட்டம். பிரேசிலுக்கு 'டிரா' செய்தாலே போதும், செமிஃபைனல்! டீம் எப்பேர்ப்பட்ட டீம் தெரியுமா? ஜிகோ, ஃபால்காவோ, எடர், சாக்ரடீஸ்... இந்த சாக்ரடீஸ் பெயரில் மட்டும் அறிவாளி இல்லை. நிஜமாகவே மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்!

எதிரே இத்தாலியில் பாவ்லோ ரோஸி என்று ஒல்லியாக ஒருத்தர். சூதாட்ட விவகாரம் ஒன்றில் பேர் அடிபட்டு, 2 வருஷம் ஆடக் கூடாது என்று தடை வாங்கியவர். "நான் ஒரு தப்பும் செய்யலை" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். தடை முடிந்ததோ, உலகக் கோப்பைக்கு சில வாரங்கள் முன்னால்தான். அந்தக் கோப்பையின் முதல் நாலு மேட்ச்சிலும் ஒரு கோல்கூட இல்லை. "இந்த ஆளை ஏன்யா இன்னும் வெச்சிருக்கீங்க?" என்று இத்தாலியப் பத்திரிகைகள் கரித்துக்கொட்டின.

ஐந்தாவது மேட்ச்தான் எங்கள் மேட்ச். 5-வது நிமிஷத்தில் ஒன்று. 25-வது நிமிஷத்தில் ஒன்று. 74-வது நிமிஷத்தில் இன்னொன்று. பிரேசில் இரண்டு தடவை சமன் செய்தது. மூன்றாவது தடவை முடியவில்லை. கடைசி நேரத்தில் பிரேசில் தலையால் முட்டிய பந்தைக் கோல்கோட்டு மேலேயே அமுக்கிப் பிடித்தார் கோல்கீப்பர் டீனோ ஸோஃப். வயசு 40! 3-2. முடிந்தது கதை.

ரோஸி அதோடு விட்டாரா? செமிஃபைனலில் போலந்துக்கு 2, ஃபைனலில் மேற்கு ஜெர்மனிக்கு 1. மொத்தம் 6 கோல். கோப்பையும் இத்தாலிக்கு, அதிக கோல் அடித்தவர் என்ற பட்டமும் ரோஸிக்கு.

பின்னாளில் தன் சுயசரிதைக்கு அவர் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'நான் பிரேசிலை அழவைத்தேன்'! என்ன குசும்பு பாருங்கள்... ஆனாலும் எனக்கு ரோஸியைப் பிடிக்கும். ஊரே கைகழுவிய ஒருத்தன் மூன்று மேட்ச்சில் தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன கதை இது. அந்தக் கதைக்கு ஒரு பலியாடு தேவைப்பட்டது. அது எங்கள் டீமாக இருந்தது எங்கள் தலையெழுத்து.

2020 டிசம்பர் 9-ல் ரோஸி காலமானார். அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் 1982 டீமின் சகாக்கள்.

ஒரே ஒரு பாஸ்!

அடுத்தவர் பெயரைச் சொன்னால் பிரேசில்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். மரடோனா!

1990, ஜூன் 24. இத்தாலியின் டூரின் நகரம். நம்மூர் நேரப்படி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை. ஆட்டம் முழுக்க பிரேசில் கையில்தான், அதாவது காலில்தான்! கோல் கம்பத்தில் பந்து பட்டுத் திரும்பிய சத்தம் மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டது. மரடோனாவோ வீங்கிப்போன கணுக்காலோடு நொண்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு இவர் அவுட்" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதியாச்சு.

ஆட்டம் முடிய பத்து நிமிஷம்கூட இல்லை. நடுமைதானத்தில் பந்து அவர் காலுக்கு வந்தது. நாலு பிரேசில்காரர்கள் அவரையே சுற்றி வளைக்க, விழப்போகிற மாதிரி சாய்ந்துகொண்டே, அவர்கள் கால்களுக்கு நடுவில் வலது காலால் ஒரு பாஸ்... அந்தப் பக்கம் தனியாக நின்ற கனீஜியாவிடம்! கனீஜியா கோல்கீப்பரைத் தாண்டினார், கோல் அடித்தார். 1-0.

தொண்ணூறு நிமிஷத்தில் மனுஷன் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு காரியம்தான். போதுமே! நாலு பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்றால், இன்னொருத்தனை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இந்தக் கணக்கு நொண்டுகிற காலுக்குத் தெரிந்திருக்கிறது! (அன்றைக்கு அர்ஜென்டினா தரப்பு கொடுத்த தண்ணீரைக் குடித்துத் தலை சுற்றியது என்று பிரேசிலின் பிராங்கோ பிற்பாடு புகார் சொன்னது தனிக் கதை. அந்தத் தண்ணீரில் இறங்கினால் கட்டுரை கரையேறாது!)

அதைவிட எனக்குப் பிடித்தது, ஜூலை 3-ம் தேதி நடந்த செமிஃபைனல். இத்தாலியும் அர்ஜென்டினாவும் மோதிய இடம் நேபிள்ஸ். மரடோனா அப்போது ஆடிக்கொண்டிருந்த நாப்போலி கிளப்பின் சொந்த ஊர். ஏழை நகரம். பணக்கார வடஇத்தாலி அந்த ஊரை ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். மரடோனாதான் அந்த ஊருக்கு முதல் லீக் பட்டத்தை 1987-ல் வாங்கிக் கொடுத்தார். "வருஷம் பூரா உங்களை மதிக்காதவங்க, இன்னிக்கு மட்டும் இத்தாலின்னு சொல்லி உங்ககிட்ட ஆதரவு கேட்கறாங்களே" என்கிற ரீதியில் ஒரு கொளுத்திப்போட்டார். மாமனார் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண் மாதிரி ஆகிவிட்டது ஊர்!

மைதானத்தில் ரசிகர்கள் கட்டிய பேனரின் சாரம் இதுதான்: மரடோனா, உன்னை நேசிக்கிறோம், ஆனால், இத்தாலி எங்கள் தாய்நாடு. எவ்வளவு நேர்மையான பதில்! கட்சியும் மாறவில்லை, காதலையும் மறைக்கவில்லை. அன்றைக்குப் பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்தது. இத்தாலி மனசு உடைந்தது. ஆனால், 2020 நவம்பர் 25-ல் அவர் இறந்த அடுத்த மாதமே நாப்போலி மைதானத்துக்கு மரடோனா பெயரையே சூட்டிவிட்டார்கள்.

ரோஸி, மரடோனா... எங்களை அழவைத்த இரண்டு பேரும் சரியாக இரண்டு வார இடைவெளியில் போனார்கள். பிரேசில் ரசிகன் ஒருத்தன் இங்கே இரண்டுக்கும் சேர்த்து துக்கம் அனுஷ்டித்தான்.

நாங்கள் அழவைத்த ஆள்

லிஸ்டில் ஒருத்தரைத் தவிர என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒருத்தர் ராபர்டோ பாஜியோ. பின்னால் குட்டிக் குடுமி வைத்துக்கொண்டு ஆடிய இத்தாலிக்காரர்.

1994, ஜூலை 17. அமெரிக்காவில் பஸடினா நகரம், ரோஸ் பௌல் மைதானம். நமக்கு விடிந்தால் திங்கட்கிழமை, ஆபீஸ். பிரேசில்-இத்தாலி ஃபைனல் 0-0. உலகக் கோப்பை ஃபைனல் ஒன்று பெனால்டியில் முடிவானது அதுதான் முதல் தடவை. பாஜியோ ஓடிவந்து உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே ஆகாசத்துக்குப் போனது. பிரேசில் சாம்பியன்! 24 வருஷத்துக்குப் பிறகு கோப்பை!

நான் குதித்தேன், கத்தினேன், வாஸ்தவம். ஆனால், டி.வி-யில் தெரிந்த அந்த மனுஷன்... இடுப்பில் கைவைத்து, தலையைக் குனிந்து, அசையாமல் நின்றாரே... அந்தக் காட்சி மறுநாள் ஆபீஸ் வரைக்கும் கூடவே வந்தது.

கணக்குப் பாருங்கள். நாக்-அவுட்டில் நைஜீரியாவிடம் தோற்று வீட்டுக்குப் போகவிருந்த இத்தாலியை 88-வது நிமிஷத்தில் காப்பாற்றியவர் பாஜியோ. ஸ்பெயினுக்கு எதிராக ஜெயிக்கவைத்த கோல், பாஜியோ. செமிஃபைனலில் பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு கோலும் பாஜியோ. அந்த ஆட்டத்தில் தொடையில் காயம், அதோடுதான் ஃபைனல் ஆடினார். அவருக்கு முன்னால் பரேசியும் மஸாரோவும் பெனால்டியைக் கோட்டைவிட்டிருந்தார்கள். பாஜியோ அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை பாக்கி இருந்தது. ஆனாலும், இத்தாலி தோற்றது என்றால் ஊர் ஞாபகத்தில் இருப்பது அந்த ஒருத்தர் முகம்தான். ஐந்து பேர் சேர்ந்து தூக்கிய தேர் கவிழ்ந்தால், கடைசியாகக் கைவைத்தவன் தலையில் பழி!

நாலு வருஷம் கழித்து, 1998 உலகக் கோப்பை. சிலிக்கு எதிராக இத்தாலி 1-2 என்று தோற்கிற நிலைமை. இத்தாலிக்கு ஒரு பெனால்டி. "யாருப்பா அடிக்கிறது?" அதே பாஜியோ வந்தார். அடித்தார். கோல்! பிரான்சுக்கு எதிரான பெனால்டி ரவுண்டிலும் முதல் ஆளாக வந்து அடித்தார். இத்தாலி தோற்றது, ஆனால் பாஜியோ தவறவில்லை. கீழே விழுந்த இடத்திலேயே திரும்ப வந்து நிற்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990-ல் ஃபியோரென்டினா கிளப் இவரை ஜுவென்டஸுக்கு விற்றபோது ஃபிளாரன்ஸ் நகரத்தில் கலவரமே வெடித்தது. அடுத்த வருஷம் பழைய கிளப்புக்கு எதிராக ஆடுகிறார். ஜுவென்டஸுக்குப் பெனால்டி. "நான் அடிக்க மாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார்! வேறொருத்தர் அடித்தார், கோல்கீப்பர் பிடித்துவிட்டார். பாதியில் வெளியே வரும்போது பழைய கிளப்பின் ஊதா நிறத் துண்டு ஒன்று மேலே வந்து விழ, அதைக் கையில் எடுத்துக்கொண்டே போனார். சம்பளம் கொடுத்த முதலாளிக்கு வயிறு எரிந்திருக்கும். நமக்கு? கண் கலங்குகிறது சார்!

25 நாள் முன்னால், அதே மைதானம்

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்வோம்.

பாஜியோ நின்ற அதே ரோஸ் பௌலில், அதற்கு 25 நாள் முன்னால், ஜூன் 22-ம் தேதி இன்னொரு ஆள் தலையில் கைவைத்தபடி கிடந்தார். கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார். அமெரிக்கா அடித்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார்; பந்து அவர் காலில் பட்டு சொந்த கோலுக்குள்ளேயே போய்விட்டது. கொலம்பியா 1-2 என்று தோற்றது, போட்டியிலிருந்து வெளியேறியது.

ஊருக்குத் திரும்பிய எஸ்கோபாரை ஜூலை 2-ம் தேதி அதிகாலை மெடஜின் நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 27 வயது. இறுதி ஊர்வலத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம் திரண்டது. அப்புறம் திரண்டு என்ன பிரயோஜனம்?

'விளையாட்டுதானே' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், என் டீம் என்கிற வெறி முற்றினால், எதிர் டீம்காரனை மட்டும் இல்லை, சொந்த டீம்காரனைக்கூட மனுஷனாகப் பார்க்கத் தோன்றாது. எதிரணியில் ஒருத்தனை ரசிக்கத் தெரிந்தவனுக்கு அந்த வியாதி அவ்வளவு சுலபத்தில் வராது. என் ரகசிய லிஸ்ட் அதற்கு நான் போட்டுக்கொண்ட தடுப்பூசி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டு தடவை அடித்த வழுக்கைத்தலை

ஒரு தடவை அழவைத்தால் விபத்து. இரண்டு தடவை என்றால்? அவர்தான் பிரான்சின் ஜிடேன்!

1998, ஜூலை 12. பாரிஸ் பக்கத்தில் செயின்ட் டெனிஸ். ஃபைனல். எங்கள் ரொனால்டோவுக்கு அன்றைக்குப் பகலில் திடீரென்று வலிப்பு. ஆடுவாரா மாட்டாரா என்ற குழப்பத்திலேயே பிரேசில் இறங்கியது. ஜிடேன் தலையால் முட்டி கோல் போடுகிற ஆசாமியே இல்லை என்பார்கள். அன்றைக்குப் பார்த்து இரண்டு கார்னர், இரண்டு முட்டு, இரண்டு கோல்! 3-0.

2006, ஜூலை 1. ஃப்ராங்க்ஃபர்ட். ஜிடேனுக்கு 34 வயது. "இந்தக் கோப்பையோடு ரிட்டையர்" என்று அறிவித்துவிட்டு வந்தவர். எதிரே ரொனால்டோ, ரொனால்டினோ, காகா என்று பிரேசிலின் நட்சத்திரப் பட்டாளம். பிரிவுபசார விழாவுக்குப் போன மாதிரி சும்மா நின்று பார்த்தது எங்கள் டீம்! மனுஷன் ரொனால்டோ தலைக்கு மேலேயே பந்தைத் தூக்கிப்போட்டு எடுத்தார். அவருடைய ஃப்ரீகிக்கில்தான் ஹென்றி கோல் அடித்தார். 1-0.

எட்டு நாள் கழித்து ஃபைனலில் இத்தாலியின் மாட்டராஸி நெஞ்சில் தலையால் முட்டி, சிவப்பு அட்டை வாங்கி, கோப்பையைத் தாண்டி நடந்துபோனார். "எட்டு வருஷம் முன்னால் முட்டியதற்குக் கோப்பை, இப்போ முட்டியதற்கு வீடு" என்று நான் ஜோக் அடித்தேன். ஆனால், வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

பால் பொங்குவதற்குள் நாலு கோல்!

2014, ஜூலை 8. இந்தத் தேதியைப் பிரேசில்காரர்களிடம் சொல்லாதீர்கள். சொந்த நாட்டில், பெலோ ஹொரிசான்டே நகரத்தில், ஜெர்மனியிடம் 1-7! 23-வது நிமிஷத்திலிருந்து 29-வது நிமிஷத்துக்குள் நாலு கோல். அடுப்பில் வைத்த பால் பொங்கக்கூட அவகாசம் இல்லை!

அதில் 23-வது நிமிஷ கோலை அடித்தவர் மிரோஸ்லாவ் குளோஸ. உலகக் கோப்பைகளில் அவருடைய 16-வது கோல். எங்கள் ரொனால்டோவின் 15 கோல் சாதனையை, எங்கள் நாட்டிலேயே, எங்களுக்கு எதிராகவே உடைத்தார்!

இவரையுமா பிடிக்கும் என்கிறீர்கள்? கேளுங்கள். 2012 செப்டம்பரில் லாஸியோ கிளப்புக்காக நாப்போலிக்கு எதிராக ஆடினார். பந்து கையில் பட்டு கோலானது. நடுவர் பார்க்கவில்லை, கோல் என்று ஊதிவிட்டார். குளோஸ நேராக நடுவரிடம் போய், "கையில் பட்டது" என்று ஒப்புக்கொண்டார். கோல் ரத்து! எதிர் டீம் ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். அந்த மேட்ச்சில் லாஸியோ 0-3 என்று தோற்றது. இது முதல் தடவையும் இல்லை. 2005-ல் ஜெர்மன் லீகிலும், தனக்குக் கிடைத்த பெனால்டியை "இது பெனால்டி இல்லை" என்று சொல்லி ரத்து செய்யவைத்தவர்.

தச்சு வேலை கற்றுக்கொண்டு வந்த ஆள். அளவு தப்பினால் மரம் பல்லிளிக்கும் என்று தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் சாதனையைப் பறிகொடுப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அந்த 1-7 ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஏழாவது ஜெர்மன் கோல் விழுந்தபோது, அழுது ஓய்ந்திருந்த பிரேசில் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். அதற்கு முன்பே 2005 நவம்பர் 19-ல், எங்கள் ரொனால்டினோ பார்சிலோனாவுக்காக ரியல் மாட்ரிடின் கோட்டைக்குள் புகுந்து இரண்டு கோல் போட்டபோது, மாட்ரிட் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களே! கொடுத்த மொய் திரும்பி வந்த மாதிரிதான்.

நமக்கு என்ன வந்தது?

யோசித்துப் பாருங்கள். இந்தியா 1950-ல் வாய்ப்பு வந்தும் போகவில்லை. அதற்கப்புறம் நடந்த எந்த உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றதாக வரலாறு இல்லை. ஆகவே பிரேசில், அர்ஜென்டினா, ஜெர்மனி எல்லாமே நமக்கு வாடகை வீடுகள்! 2022-ல் கேரளத்தின் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்குக் கட்அவுட் வைத்தார்கள். பொறுக்குமா நெய்மர் ரசிகர்களுக்கு? அதைவிடப் பெரிசாக ஒன்று. அப்புறம் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு இன்னும் பெரிசாக! ஆனால், மூன்றும் ஒரே ஆற்றில், பக்கத்துப் பக்கத்தில் நின்றன பாருங்கள், அது அழகு.

நமக்கும் இந்தக் கலை புதுசு இல்லை. 1999, ஜனவரி 31, சேப்பாக்கம். சச்சின் 136 அடித்தும் கடைசி நாலு விக்கெட் நாலே ரன்னில் போய், 12 ரன்னில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றது. மைதானமே ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம் சென்னை ஜனங்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் டீமுக்குக் கைதட்டினார்கள். அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அது கிரிக்கெட்தான். ஆனால் விஷயம் ஒன்றுதான்.

இன்றைக்கு ராத்திரி ஒரு காகிதத்தை எடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத டீமிலிருந்து, உங்களுக்குப் பிடித்த மூன்று பேரை எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். மூன்று பேர் தேறினால் நீங்கள் ஆட்டத்தை ரசிக்கிறீர்கள். ஒருத்தர்கூடத் தேறவில்லையென்றால், நீங்கள் பார்ப்பது ஆட்டம் இல்லை, ஸ்கோர் போர்டு!

நான் ஐந்தோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். 2022, டிசம்பர் 9-ம் தேதி, ரோஸி இறந்து சரியாக இரண்டாவது வருஷ நாளில், லூகா மோட்ரிச் என்கிற 37 வயதுக் குரோஷியாக்காரர் ஓடி ஓடி ஆடி, பெனால்டியில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார். யுத்தத்தில் தாத்தாவைப் பறிகொடுத்து, அகதியாக ஹோட்டலில் வளர்ந்த பிள்ளை. எப்படிய்யா கோபப்படுவது? ஆறாவதாகச் சேர்த்தாகிவிட்டது.

பிரேசில் டீமுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். தயவுசெய்து கொஞ்சம் ஜெயித்துத் தொலையுங்கள், ஐயா! இப்படி நல்லவர்களாகப் பார்த்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தால், என் லிஸ்டில் இடம் பத்தாது!